அமலோற்பவத்தின் கீறல்கள்

சிப்பித்துறையில் அநியாயம் இழைக்கப்பட்டது பிளாவியாவுக்கு. லியோன்ஸ் கடலுக்குக் கொண்டுபோன ‘அமலோற்பவம்’ என்கிற ஃபைபர் படகு, வலப்புறம் முழுக்க மயிரிழைக் கீறல்களோடு, பாதி வயிற்றுக்குத் தண்ணீர் குடித்துக் கரைக்கு வந்து சேர்ந்தபோது, அதை இடித்தது எது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் படகுக்குக் கடைசியாக ஒட்டுப் போட்டு ஜெல் பூசியது யார் கை என்று மட்டும் கேட்டார்கள். பூசியது பிளாவியாவின் கை. ஆகவே குற்றம் ஜெல்லுடையது, ஜெல்லின் குற்றம் கையுடையது, கையின் குற்றம் அது ஒரு பொம்பளையின் கையாக இருப்பது என்று, ஞாயிறு பூசை முடிந்த சூட்டோடு ஊர்க் கமிட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் அவளுடைய பட்டறையில் குப்புறக் கிடந்த படகுகளையெல்லாம் அவரவர் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அங்கே மிஞ்சியது மணலும், மணலில் படகுகள் கிடந்த பள்ளங்களும்தான்.

ஜெல் என்பது ஃபைபர் படகின் மேல்தோல். பலமெல்லாம் உள்ளே இருக்கிற நாரிலும் பசையிலும். வெயிலுக்கும் உப்புக்கும் படகு காட்டுகிற முகம் மட்டும் ஜெல். அந்த முகத்தில் விழுகிற கீறலுக்கு ஒரு பாஷை உண்டு. வரிவரியாக விழுந்தால் படகு அலையில் வளைந்து வளைந்து சலித்திருக்கிறது. காய்ந்த குளத்துச் சேறு மாதிரி தாறுமாறாக வெடித்தால் ஜெல்லைத் தடிப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு புள்ளியில் கிளம்பி நட்சத்திரமாய்ப் பிரிந்து, சிலந்தி வலைபோல் சுற்றிலும் வளையம் கட்டியிருந்தால், அந்தப் புள்ளியில் எதுவோ வந்து மோதியிருக்கிறது. இது பிளாவியாவுக்கு மட்டும் தெரிந்த வித்தையொன்றும் இல்லை. சிப்பித்துறையில் படகைத் தொட்டுப் பிழைக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் அமலோற்பவத்தின் வலப்புறத்தில் விரிந்து கிடந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டுதான், தானாக வெடித்தது என்று தலையாட்டினார்கள்.

“நட்சத்திரம் தானா விழுமா மாமா?” என்று அன்றைக்கே கேட்டாள் பிளாவியா, கமிட்டித் தலைவர் தெலஸ்போரைப் பார்த்து. உடனே லியோன்ஸ் பக்கம் திரும்பினாள். “லியோன்ஸ் அண்ணே, ஓட்டுனது நீங்க. நீங்க சொல்லுங்க. போட்டு எதுல இடிச்சுது?”

லியோன்ஸ் கோயில் கொடிமரத்தின் உச்சியைப் பார்த்தான், அங்கே யாரோ எழுதி வைத்திருப்பதுபோல.

“பாறையா, மெதந்து வந்த தடியா, ஆமையா? பொய்யின்னாலும் ஒண்ணச் சொல்லுங்கண்ணே, அதோட நான் வாதாடிக்கிடுதேன். ஒண்ணுமே சொல்லலன்னா நான் யாரோட வாதாட?”

“ஏட்டி, வாய மூடு,” என்றார் தெலஸ்போர். “தானா வெடிச்சுதுன்னு ஓட்டுனவனே சொல்லுதான்லா.”

“அவரு எங்க சொன்னாரு? நீங்கதான் சொல்லுதீங்க.”

“அவன் சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? மச்சானும் மச்சானும் வேற வேறயா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் விஷயம் முழுக்க இருந்தது. ஊரில் விசைப்படகு வைத்திருப்பவர் தெலஸ்போர் ஒருவர்தான். கரைக்கு அருகே சின்னப் படகுகள் வலை போடுகிற தண்ணீருக்குள் விசைப்படகு வரக் கூடாது என்று ஊரே சேர்ந்து பேசி வைத்திருந்த கட்டுப்பாட்டை விடியும் முன் தினமும் மீறுவதும் அவர் படகுதான். லியோன்ஸ் கட்டியிருப்பது அவருடைய தங்கை மெற்றில்டாவை. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. ஆனால் ஒரு பொம்பளையின் பட்டறையை மூடுவது விசைப்படகை நிறுத்துவதைவிடச் சுலபம். சுலபமானதை நியாயம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஊருக்கு அரை மணி நேரம் போதும்.

அடுத்த வாரம் திருவிழா. திருவிழாவன்று படகுகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, வெளியூரிலிருந்து வருகிற பெரிய சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அவர் கண்ணில் அந்த நட்சத்திரம் படக் கூடாது என்று, வீட்டுச் சுவருக்கும் இரும்புக் கேட்டுக்கும் பெயின்ட் அடிக்கிற ஐசக்கைக் கமிட்டி பிடித்து வந்தது. கீறலைச் சரிசெய்ய முதலில் கீறலைப் பெரிதாக்க வேண்டும். கிரைண்டரை வைத்து ஒவ்வொரு கோட்டையும் வாய்க்காலாகத் திறந்து, ஆரோக்கியமான அடி தெரிகிறவரை தோண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, அப்புறம்தான் ஜெல்லை நிரப்ப வேண்டும். நிரப்பியதும் காற்றுப் படாமல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூட வேண்டும், இல்லையென்றால் மேலே பிசுபிசுப்பு போகாது. ஐசக் தோண்டவும் இல்லை, துடைக்கவும் இல்லை, மூடவும் இல்லை. சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மேலோடு ஒரு பூச்சுப் பூசிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். பாதையில் நின்று பார்த்த பிளாவியா, “ஐசக் அண்ணே, அத மூடுங்க, கை வச்சா ஒட்டும்,” என்று மட்டும் சொன்னாள். “உன் சோலியப் பாரு,” என்றான் அவன். பார்க்கச் சோலியே இல்லாமல் செய்துவிட்டு அதையே பார்க்கச் சொல்வது அந்த ஊர் வழக்கம்.

சிப்பித்துறையில் சத்தியம் செய்கிற முறை ஒன்று உண்டு. படகின் முன்மூக்கான அணியத்தில் ஆண்கள் உள்ளங்கையைப் பதித்துச் சொல்ல வேண்டும்; பெண்கள் அணியத்தைத் தொடக் கூடாது, முன்னால் நிற்கிற தங்கள் ஆளின் தோளில் கை வைத்துக்கொள்ள வேண்டும். திருவிழாவுக்கு முன்னால் மனவருத்தம் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது என்று, அமலோற்பவத்தின் அணியத்திலேயே கை வைத்து ‘தானா வெடிச்சுது’ என்று ஊரே சொல்லி முடித்துவிடலாம் என்றார் தெலஸ்போர். ஐசக்கின் பூச்சு பாதி காய்ந்து, அடியிலிருந்த கீறல்கள் மறுபடி மேலே எழும்பித் தெரிய ஆரம்பித்திருந்தன, அணியம் வரைக்கும். அதைப் பார்த்தபடியே லியோன்ஸ் முதலில் கை வைத்தான், அப்புறம் தெலஸ்போர், அப்புறம் வரிசையாக ஊர். ஒவ்வொரு கையும் பிசுபிசுப்பில் பதிந்து, எடுக்கும்போது முத்தம் கொடுத்துப் பிரிவதுபோல் ஒரு சத்தத்தோடு விட்டு வந்தது. பிளாவியா தள்ளி நின்றாள். அவளுடைய ஆள் கப்பலில் சமையல்காரனாக எங்கோ தூரத்துத் துறைமுகத்தில் இருந்தான். அவன் இங்கே இருந்திருந்தாலும் அந்தத் தோளில் அவள் கை வைத்திருக்க மாட்டாள்.

மறுநாள் விடிந்தபோது அமலோற்பவத்தில் ஒரு கீறலும் இல்லை. அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த படகு மாதிரி பளபளவென்று நின்றது. கீறல்கள் எல்லாம் கைகளுக்கு வந்திருந்தன.

சத்தியம் செய்த ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு நட்சத்திரம், சுற்றிலும் சிலந்தி வளையம், மயிரிழைக்கும் மெல்லிசாக. வலி இல்லை, ரத்தம் இல்லை, வியர்த்தால் மட்டும் கொஞ்சம் கருக்கும், உப்புத் தண்ணீர் பட்டால் கொஞ்சம் கடுக்கும். தோளில் கை வைத்த பெண்களுக்கும் அப்படியே. சுகாதார நிலையத்து நர்ஸ் எல்லோருக்கும் ஒரே களிம்பைக் கொடுத்துத் தன் கையிலும் தடவிக்கொண்டாள். பங்குச் சாமியார் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், பதில் வரும்வரை பூசையில் கை விரிக்கிற இடங்களில் கொஞ்சம் குறைத்து விரித்தார். டீக்கடையில் கண்ணாடி கிளாஸைத் தொட்டவர்கள் தொட்ட இடத்திலெல்லாம் கிளாஸிலும் நட்சத்திரம் விழுந்தது, ஆனால் ஒரு சொட்டு டீ ஒழுகவில்லை. ஒழுகாதபோது என்ன பிரச்சினை என்று கடைக்காரர் அதே கிளாஸில் ஆற்றிக் கொடுத்தார், ஊரும் அதே கிளாஸில் குடித்தது. கதவுப் பிடி, ஸ்கூட்டர், சோற்றுத் தட்டு, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, பல்லக்குச் சுமந்தவர்களின் கை பட்டுத் திருவிழா மாதாவின் நீல முக்காடு என்று கீறல் ஒவ்வொன்றாக ஏறியது. முக்காட்டில் இருப்பது பூ வேலைப்பாடு மாதிரி அழகாகத்தானே இருக்கிறது என்று முதலில் ஒரு அம்மா சொன்னாள், மாலைக்குள் எல்லோரும் சொன்னார்கள்.

ரேஷன் கடையில்தான் சின்னச் சிக்கல் வந்தது. யார் விரலை வைத்தாலும் கைரேகை எந்திரம் தெலஸ்போர் என்றே பெயர் காட்டியது. கடைக்காரர் எந்திரத்தைத் தட்டினார், துடைத்தார், அணைத்துப் போட்டார். வரிசையில் நின்ற கைக்குழந்தைக்காரியும் தெலஸ்போர், பல்லில்லாத மிக்கேல் கிழவரும் தெலஸ்போர். கடைசியில் ஊர் முழுக்கத் தெலஸ்போர் பெயரிலேயே அரிசி வாங்கப் பழகிக்கொண்டது. “எப்படியும் அவரு பேச்சுதானே பேசுதோம், அவரு பேர்ல திங்கதுக்கு என்ன?” என்று வரிசையில் யாரோ சொல்ல, அதற்கும் சிரித்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார்கள். கீறல் இருந்தால் நம்ம ஊர்ப் பிள்ளை, ஒழுக்கமான குடும்பம். கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வந்து படமெடுத்துப் போய், கடலோர மக்களின் கூட்டு நினைவு என்று எங்கேயோ கட்டுரை வாசித்தார்கள். அவர்களில் ஒருவரும் எது இடித்தது என்று கேட்கவில்லை.

கேட்டது பிளாவியா மட்டும். பட்டறை போன பிறகு அவள் இறால் கம்பெனிக்குத் தலை கிள்ளப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி வேன் நிற்கிற இடம் கடற்கரை ஏலக் கூடத்துக்கு எதிரே. காலையில் மீன் ஏலம் நடக்கும்போது ஏலக்காரர் “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று சொல்லி மூச்சு வாங்குகிற இடைவெளியில், வேனுக்காக நிற்கிற பிளாவியா உரத்த குரலில் கேட்பாள்: “போட்டு எதுல இடிச்சுது?” அப்புறம் ஏலக்காரர் “மூணு தரம்” என்பார். முதலில் ஏசினார்கள். அப்புறம் முனகினார்கள். அப்புறம் அதுவும் பழகிப்போய், ஏலக்காரர் அவள் கேட்பதற்காகவே ரெண்டு தரத்துக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்திக் கொடுத்தார். வேன் சீக்கிரம் வந்து அவள் போய்விட்ட நாளில், என்னவோ குறைகிறதென்று அவரே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஏலத்தை முடித்தார். கேள்வியைத் திட்டினால் அது வளரும், வழக்கமாக்கிவிட்டால் செத்துப்போகும் என்பதைச் சிப்பித்துறை யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டது. பிளாவியாவுக்கு அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது. அவளைக் கல்லால் அடித்திருந்தால்கூட அத்தனை பயந்திருக்க மாட்டாள்.

அதோடு, இப்போது ஊரிலேயே மழமழவென்று இருந்தவை அவளுடைய கைகள் மட்டும்தான். “எல்லாருக்கும் வந்தது இவளுக்கு மட்டும் ஏன் வரல? என்னமோ செஞ்சு வச்சிருக்கா,” என்று குழாயடியில் பேச்சு எழுந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி அவள் கொடுத்த பலகாரத்தை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஏமாற்றாதவள் ஏமாற்றுக்காரியாகத் தெரிய, மற்றவர்கள் எல்லோரும் ஏமாற்றியிருந்தால் போதும்.

ஒருநாள் தெலஸ்போர் கமிட்டியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்தார். நட்சத்திரம் அவருக்கு முழங்கை தாண்டிக் கழுத்துக்கு ஏறியிருந்தது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டிருந்தார்.

“எனக்கொண்ணும் தொந்தரவு இல்ல,” என்று ஆரம்பித்தார். “ஊருக்காக வந்தேன். ஜெல் வேல உனக்குத்தான் தெரியும். இதச் சரிபண்ணிக் குடு. பழையபடி போட்டு எல்லாம் உன் பட்டறைக்கு வரும்.”

“சரிபண்ணலாம் மாமா. மொதல்ல தோண்டணும்.”

“தோண்டவா? கையவா?”

“கையில என்ன இருக்கு தோண்ட? கீறல் எங்க ஆரம்பிக்கோ அங்க. நான் கேக்கத மறுபடி கேக்கேன். போட்டு எதுல இடிச்சுது?”

“நீ ஒண்ணையே பிடிச்சுத் தொங்குத.”

“நீங்களுந்தான் ஒண்ணையே பிடிச்சு மூடுதீங்க. மேலால பூசுனா எழும்பி வரும்னு அன்னைக்கே பாத்தீங்கள்லா? படகுல எழும்புனத ஊரு கையில வாங்கிக்கிட்டு நிக்கி.”

கூட வந்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். “பிளாவியா, ஊரு அமைதியா இருக்கு. உனக்கும் வேல தாரேங்காவ. இன்னும் எதுக்கு?”

“வேல தாரதுன்னா, தப்பா வேல செஞ்சவளுக்கு மன்னிச்சுத் தாரதா, இல்ல, சரியா செஞ்சவகிட்டப் பறிச்சதத் திருப்பித் தாரதா? ரெண்டும் ஒரே போட்டுதான் அண்ணே, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. மன்னிச்சுத் தந்தா நாளைக்கி எந்தப் போட்டுல எது ஒடஞ்சாலும் என் வாசல்லதான் வந்து நிப்பீக.”

தெலஸ்போர் காலரை இன்னும் கொஞ்சம் தூக்கினார். “கீறலோட இருந்துக்கிடுதோம் போ,” என்றார். அப்படியே இருந்துகொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் கீறலைச் சிப்பித்துறையின் அடையாளம் என்றே தீர்மானம் போட்டு, ஊர் எல்லையில் வைத்த பலகையில் அந்த நட்சத்திரத்தையும் வரைந்தார்கள். வரைந்தது ஐசக்.

லியோன்ஸின் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது, எந்தக் கோடும் இல்லாமல், உரித்த நுங்கு மாதிரி. வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையின் உள்ளங்கையைத் திறந்து பார்த்துவிட்டு, “போகப் போக வந்துரும்,” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். லியோன்ஸ் ஒரு வாரம் குழந்தையைத் தூக்கவில்லை. மூக்கடைப்பு, கடல் வாடை, கை ஈரம் என்று நாளுக்கொரு சாக்குச் சொன்னான். மெற்றில்டாவுக்குக் கோபம் வந்தது. “சொந்தப் பேத்தியத் தொட மாட்டேங்கியளே, என்ன மனுஷன் நீங்க?” என்று பிள்ளையை அவன் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அது சரிந்தது. சரிகிற பிள்ளையைப் பிடிக்காமல் இருக்க முடியுமா? பிடித்தான். இளஞ்சூடான அந்த முதுகில் அவன் உள்ளங்கை பதிந்த இடத்திலிருந்து அதுவரை வேறு யார் தொட்டும் விழாத நட்சத்திரம் ஒன்று மெதுவாக, சத்தமில்லாமல், கடலில் எண்ணெய் பரவுவதுபோல் விரிந்தது. குழந்தை அழவில்லை. அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

“எவ்வளவு லட்சணமா விழுந்திருக்கு பாருங்க,” என்றாள் மெற்றில்டா, திரும்பி வந்து. அண்ணனுக்கு ஆள் அனுப்பிச் சொல்லச் சொன்னாள்.

மத்தியான வெயிலில், துண்டில் சுற்றிய குழந்தையோடு லியோன்ஸ் பிளாவியாவின் பட்டறைக்கு வந்தான். இறால் கம்பெனிக்கு அன்று விடுமுறை. அவள் காலிப் பட்டறையில் உட்கார்ந்து, இறுகிப்போன ஜெல் டப்பாக்களைக் குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதச் சரிபண்ண முடியுமாம்மா?” துண்டை விலக்கிக் காட்டினான்.

பிளாவியா எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சின்ன முதுகில் இடம் இல்லை.

“இதுல நான் என்னத்தத் தோண்ட?” என்றாள். “இது எதுலயும் கை வைக்கல. இதுக்குப் பேசவே தெரியாது.”

“என் கையில தோண்டு. கிரைண்டர வை. நான் கத்த மாட்டேன்.”

“உங்க கையில ஒண்ணும் இல்லண்ணே.”

“நான் வாயத் தொறந்தா மெற்றில்டா அவுக அண்ணன் பக்கம் நிப்பா. வீட்டுல சோறு கெடைக்காது பிளாவியா. ஊருல எவனும் என்கூடக் கடலுக்கு வர மாட்டான்.”

“எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் இருக்கேன்.”

அவன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டான், கை படாமல் முழங்கையால் அணைத்தபடி. “உனக்கு வெவரம் தெரியும்லா? எது இடிச்சுதுன்னு உனக்குத் தெரியும். பெறகு ஏன் கேட்டுக்கிட்டே இருக்க?”

“எனக்குத் தெரியதுக்கா கேக்கேன்?” என்றாள் பிளாவியா. குரல் உயரவில்லை. “எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? சொல்லுத கடமை உள்ளவன் சொல்லணும்னு கேக்கேன். எங்கிட்ட இங்க வச்சுச் சொன்னா அது ரகசியம். நீங்க பொய்யச் சொன்ன எடத்துல நின்னு சொன்னாத்தான் அது பதில்.”

லியோன்ஸ் வெயிலில் இறங்கி நடந்தான்.

அடுத்த நாள் காலை ஏலக் கூடத்தில் சீலா மீன் குவியல் ஏலம் போய்க்கொண்டிருந்தது. தெலஸ்போர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். மெற்றில்டா கூடையோடு நின்றாள். அமலோற்பவம் கரையேற்றப்பட்டு, ஒரு மாசு மறுவில்லாமல், பக்கத்திலேயே மின்னிக்கொண்டிருந்தது. ஏலக்காரர் “ஒரு தரம்” என்றார். “ரெண்டு தரம்” என்றார். என்றுவிட்டு, பழக்கப்படி, எதிரே வேனுக்கு நிற்கிறவளுக்காக நிறுத்திக் கொடுத்தார்.

“போட்டு எதுல இடிச்சுது?” என்று பிளாவியா கேட்டாள்.

ஏலக்காரர் மூன்றாம் தரத்துக்கு வாய் திறப்பதற்குள் லியோன்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து போய், அமலோற்பவத்தின் அணியத்தில் வலது உள்ளங்கையைப் பதித்தான். “ஏலே, என்ன பண்ணுத?” என்றார் தெலஸ்போர். லியோன்ஸ் மச்சானைப் பார்க்கவில்லை, கொடிமரத்தையும் பார்க்கவில்லை. தார் ரோட்டில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றவளைப் பார்த்து, கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

“தெலஸ்போர் மச்சான் விசைப்படகு. வரக் கூடாத தண்ணியில வந்து வலப்பக்கம் இடிச்சுது. நாங்க கத்துனோம், கேட்டுக்கிட்டேதான் போனாங்க. சுத்திலும் வெடிச்சுப் பொளந்து தண்ணி வந்துச்சு, நீ ஒட்டுன எடம் மட்டும் வெடிக்கல பிளாவியா. அந்த எடத்துலதான் கால ஊணிக்கிட்டு, பொளந்தத முதுகால அடைச்சு, நாங்க உசுரோட கர வந்து சேர்ந்தோம்.”